வெள்ளென வந்ததற்கு ஏச்சு

இங்கிலாந்தில் ஒரு வருடப் படிப்பை முடித்துவிட்டு நான் ஊருக்குத் திரும்பிய நாள் அது. காலை பத்து மணிக்குக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்க வேண்டும். என்னைக் கூட்டிப்போக என் கணவர், நான் ராத்தா என்று கூப்பிடும் என் அக்கா, பன்னிரண்டு வயது மகள், ஆறு வயது மகன் எல்லோரும் கல்முனையிலிருந்து வேன் பிடித்துப் புறப்பட்டிருந்தார்கள்.

லண்டனில் விமானத்தில் ஏறி பெல்ட் போட்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு ஏதோ விளக்கு எரியவில்லை என்று இறக்கினார்கள். எந்த விளக்கு என்று சொல்லவில்லை. மறுபடி ஏற்றியபோது அதே இடத்தில் அதே பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். வளைகுடா நகரத்தில் போய் இறங்கும்போது எனது அடுத்த விமானம் போய் ஒரு மணித்தியாலம் ஆகியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண் அழகாகச் சிரித்து, இரவு எட்டு மணிக்குக் கொழும்பில் இறங்கும் விமானத்தில் இடமும், சாப்பாட்டுக்கு ஒரு கூப்பனும் தந்தாள். கூப்பனுக்கு ஒரு குளிர்ந்த பணிஸ் ரொட்டியும் தண்ணீர்ப் போத்தலும் கிடைத்தன.

கணவருக்குப் போன் எடுத்தேன்.

"நாங்க கேகாலை தாண்டிட்டம். இனித் திரும்ப ஏலா," என்றார். "நீங்க ஒண்டுக்கும் யோசிக்காம ஆறுதலா வாங்க. புள்ளைகளுக்குக் கொழும்பச் சுத்திக் காட்டுறன்."

பின்னாலிருந்து ராத்தாவின் குரல் கேட்டது. "வட்டிலப்பம் பின்னேரம் வரைக்கும் தாங்காது எண்டு சொல்லுங்க."

கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த, நான் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த வட்டிலப்பம் அது.

"அப்ப என்ன செய்யிற?" என்றேன்.

"என்ன செய்யிற, தின்னத்தான் வேணும்," என்றார் கணவர். அவ்வளவு கவலையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு படங்கள் வரத் தொடங்கின. வேனுக்குள் வட்டிலப்பம். காலியான தட்டு. காலிமுகத்திடல் கடற்கரையில் மகன் கையில் இறால் வடை. நான் தரையில் பேக்கைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். போனில் சார்ஜ் தீரும் நேரம் அந்தக் கவுண்டர்ப் பெண் ஓடி வந்தாள். இப்போது கொழும்புக்குப் புறப்படும் விமானத்தில் ஒருவர் வரவில்லை, ஓடினால் ஏறலாம் என்றாள். ஓடினேன். வாசலை மூட இருந்தவர்கள் நான் ஓடி வந்த கோலத்தைப் பார்த்துப் பொறுத்தார்கள். உட்கார்ந்த பிறகு பார்த்தால் போன் செத்துக் கிடந்தது.

பின்னேரம் இரண்டரைக்குக் கட்டுநாயக்கவில் இறங்கினேன். என் பெட்டிகள் இரண்டும் எனக்கு முன்னே வந்து சுற்றிக்கொண்டிருந்தன, அல்ஹம்துலில்லாஹ். வெளியே மற்றவர்களைக் கட்டிப்பிடிக்க ஆட்கள் நின்றார்கள். சுவரோரம் சார்ஜ் போட்டுக் கணவரை அழைத்தேன்.

"நான் வந்திட்டன்."

"எங்க?"

"கட்டுநாயக்கவுக்கு."

"என்ன இது! எட்டு மணிக்கெண்டுதானே சொன்னீங்க. ஏன் இவ்வளவு வெள்ளென வந்த?"

பத்து மணி நேரம் பிந்துவதாக இருந்தவள், நாலரை மணி நேரம் மட்டும் பிந்திச் சீக்கிரம் வந்ததற்கு ஏச்சு வாங்கினேன். அவர்கள் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் நின்றார்கள். மகன் போனைப் பறித்துக்கொண்டான்.

"உம்மா, நாலரைக்குக் கடற்சிங்கத்துக்கு மீன் போடுவாங்களாம். வேன எடுக்க வேணாமெண்டு வாப்பாக்கிட்டச் சொல்லுங்க!"

அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. "நீங்க அங்கேயே நில்லுங்க, நானே வாறன்," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் கால் இரண்டும் நடக்கும் நிலையில் இல்லை என்பது ஞாபகம் வந்தது.

வாடகைக் காரில் தெஹிவளைக்குப் போனேன். வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் எங்கள் வேன் சாரதி சீற்றைச் சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தட்டினேன். துள்ளி எழும்பினார்.

"யா அல்லாஹ்! எட்டு மணியாயிட்டா?"

"இல்ல தம்பி, நாலேகால்."

அவர் வானத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பெட்டிகளை ஏற்றினார்.

உள்ளே போனபோது கடற்சிங்கம் இன்னும் வரவில்லை. படிக்கட்டு இருக்கையிலிருந்து மகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஒரு வருடத்தில் என் தோளுக்கு வந்துவிட்டாள். ராத்தா என் கன்னத்தைப் பிடித்து, "மெலிஞ்சி போயிட்டாய் புள்ள," என்று கண் கலங்கினா. கணவர் கண்ணைத் துடைத்துவிட்டு, வெயில் என்றார். மகன் மட்டும் தண்ணீரிலிருந்து பார்வையை எடுக்காமல், நான் உட்கார்ந்ததும் வந்து மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். பாரமாக, வியர்வை மணமாக இருந்தான். அந்தப் பாரத்துக்காகத்தான் ஒரு வருடம் நாள் எண்ணியிருந்தேன்.

கடற்சிங்கம் வந்ததா, மீன் தின்றதா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கல் இருக்கையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். எழுப்பும்போது சனங்கள் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ஒண்டையும் பார்க்கல்ல," என்று மகன் கோபித்துக்கொண்டு, ஊருக்குப் போகும் வழியில் மஹியங்கனை வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.

மகளுக்குக் கோபமில்லை. நான் வாயைத் திறந்து தூங்கும் படமொன்றைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். ஊரில் காத்திருந்த சொந்தக்காரர்கள் நாற்பது பேரும், நான் நல்லபடியாக வந்து சேர்ந்த செய்தியை அப்படித்தான் அறிந்துகொண்டார்கள்.