பொட்டுக்குப் பின்னால் ஆடிய மிதவை

எண்பத்தாறா, எண்பத்தேழா என்பதில் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. அவள் எண்பத்தாறு என்கிறாள். நான் மூன்றாம் வகுப்பில் இருந்ததை வைத்து எண்பத்தேழு என்கிறேன். நாளில் மட்டும் சண்டையில்லை. அது ஆயுத பூஜை.

தாம்பரத்திலிருந்து முடிச்சூர் போகும் சாலையில் இருந்த ஒரு மருந்துத் தொழிற்சாலையில் சித்தப்பா அப்போது மீட்டர் மெக்கானிக். குழாய்களில் ஓடும் திரவத்தையும் வாயுவையும் அளக்கும் கருவிகள் மக்கர் செய்தால் அவரைக் கூப்பிடுவார்கள். "குழாயை முறைச்சுப் பார்க்கிறதுக்கு ஒரு சம்பளம்" என்பது அப்பாவின் விளக்கம்.

பூஜையன்று பிற்பகல் குடும்பத்தோடு போகலாம். எங்களுக்கு வாசலில் பொரி அள்ளிக் கொடுத்தவர், அங்கே தொட்டிகளைக் கழுவும் தொழிலாளி. அன்று காலையில்தான் பின்பக்கத் தொட்டியைக் கழுவி முடித்திருந்தார். அவர் இறங்குவதற்கு முன் மீட்டரைப் பார்த்து, "லைன் மூடியிருக்கு, தைரியமா இறங்கு" என்று அனுப்பியது சித்தப்பா. அதற்குப் பிறகுதான் எல்லா இயந்திரங்களுக்கும் மாலை ஏறியது, பொட்டு ஏறியது. பூஜை முடிந்தால் மறுநாள் காலைவரை எதையும் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். சாமி படத்தின் முன் வைத்த ஸ்பேனரைக்கூட யாரும் எடுக்க மாட்டார்கள்.

சித்தப்பா என்னை மீட்டர் அறைக்குக் கூட்டிப்போனார். சுவரில் செங்குத்தாகக் கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் விரல்நுனி அளவில் ஓர் உலோக மிதவை. வாயு ஓடினால் அது மேலே எழும்பும், நின்றால் அடியில் உட்காரும்.

"இன்னைக்கு எல்லாம் நின்னாச்சு. அதான் எல்லாம் கீழ உக்காந்திருக்கு" என்றார்.

கீழே எதுவும் தெரியவில்லை. பக்தி மிகுந்த யாரோ, மிதவை உட்காரும் இடம் பார்த்து ஒவ்வொரு குழாயிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். உடலில்லாத நெற்றிகள் வரிசையாக நிற்பது போலிருந்தது. மோட்டார்கள் ஓயாத அந்த இடத்தில் அன்று என் செருப்புச் சத்தம்கூட எனக்குக் கேட்டது. நான் ஓரமாகப் போய்க் கடைசிக் குழாயைப் பக்கவாட்டில் பார்த்தேன். பொட்டுக்குப் பின்னால் ஏதோ மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, இதுக்குள்ள என்னமோ மூச்சு விடுது."

சிரித்துக்கொண்டே குனிந்தவர் கட்டைவிரலால் சந்தனத்தை வழித்தார். சிரிப்பு நின்றது.

அறை வாசலில் பொரி மென்றுகொண்டிருந்த ஃபோர்மேன் பதறினார். "இன்னாப்பா, சாமிக்கு வெச்ச பொட்ட அழிக்கிற?"

"நைட்ரஜன் லைன் சார். காலையில ஜீரோ காட்டுச்சு. இப்ப ஓடுது."

"மிதவை மாட்டிகினு இருக்கும். தட்டு, வுழுந்துடும். மீட்டர்தான் பேஜார் பண்ணுது. நாளைக்குப் பாரேன்."

தட்டினார். விழவில்லை. மாட்டிக்கொண்ட மிதவை அசையாமல் நிற்கும், இது ஆடியது. குழாயின் அடியிலிருந்த வால்வை மூடினார். மிதவை இறங்கியது. திறந்தார். எழும்பி, பழைய இடத்திலேயே நின்று நடுங்கியது.

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு" என்றார், கெட்ட செய்தி சொல்லும் குரலில். வால்வை இறுக மூடினார். "பின்னாடி டேங்குக்குப் போற லைன் இது. உள்ள யாரும் இல்லையே?"

ஃபோர்மேனின் கை பொரியோடு நின்றது. "வாளிய உள்ளயே வுட்டுட்டேன்னு தொட்டி கழுவுறவன் இப்பத்தான் போனான்பா."

நைட்ரஜனுக்கு நிறமோ வாடையோ இல்லை, தொட்டிக்குள் அது நிறைய நிறைய மூச்சுக்கான காற்று வெளியேறிவிடும் என்பதெல்லாம் எனக்குப் பின்னாளில் பாடமாக வந்தவை. அன்று நான் பார்த்தது வேறு. தரைமட்டத்தில் வாய் திறந்திருந்த தொட்டி. சுற்றி நின்ற கால்களின் இடுக்கில், உள்ளே எங்களுக்குப் பொரி கொடுத்தவர். வாளியை மடியில் வைத்து, சுவரில் சாய்ந்து, தலையைச் சற்றே சரித்து உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கிப் பாட்டை ரசிப்பவரைப் போல முகத்தில் ஒரு புன்னகை. புகையில்லை, நாற்றமில்லை. அத்தனை பேர் கத்தியும் அந்தப் புன்னகை கலையவில்லை.

ஓர் இளைஞர் சட்டையைக் கழற்றிக்கொண்டு குதிக்கப் போனார். சித்தப்பா அவரை இடுப்போடு பிடித்துத் தரையில் தள்ளினார்.

"என் மச்சான்யா உள்ள கீறான்! வுடுய்யா! ஒனக்கு பயம்னா நவுரு!"

"இறங்கினா நீயும் பக்கத்துல உக்காந்துடுவ! அசையாத!"

எறும்பைக்கூட மிதிக்காத சித்தப்பா ஒருவர் நெஞ்சில் முழங்காலை அழுத்திக் கத்தியதை அன்றுதான் பார்த்தேன். அவரை வேறொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு ஓடினார். கம்ப்ரெசரின் மாலையைப் பிய்த்து எறிந்து, அதை ஓட்டி, காற்றுக் குழாயைத் தொட்டிக்குள் விட்டார். ஃபோர்மேன் தடுக்கவில்லை. உள்ளே காற்று நிறையும்வரை எல்லோரும் காத்து நின்றோம். அந்த நேரத்துக்குள் அக்கா அழுது முடித்துவிட்டாள். பிறகு சித்தப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

முதலில் தொட்டி கழுவியவரைத்தான் தூக்கினார்கள். உதடு நீலமாக இருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது ஒருமுறை இருமினார். பிறகு பார்த்தபோது, மாலை கட்ட வசதியாக யாரோ தொட்டியருகே இருந்த நைட்ரஜன் வால்வின் கைப்பிடியை லேசாகத் திருப்பி வைத்திருந்தது தெரிந்ததாம்.

தீபாவளிக்கு முந்தின வாரம், ஐப்பசி மழை பிடித்துவிட்ட ஒரு மாலை, பிழைத்து எழுந்த அந்தத் தொழிலாளி பாதுஷாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சித்தப்பாவும் ஒரு பாதுஷாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா மெல்லக் கேட்டாள், உள்ளே எப்படி இருந்ததென்று.

"ஒண்ணும் தெரிலக்கா. வாளிய எடுத்துகினு அப்டியே ஒக்காந்தேன். யாரோ தலையக் கோதி வுட்ட மாதிரி அவ்ளோ சொகம். எங்கம்மாகூட அப்டித் தூங்க வெச்சதில்ல."

"எனக்கும் ஒரு நாள் அங்க தூங்கணும் சித்தப்பா" என்றேன்.

வந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கப் பார்த்தாள். சித்தப்பா பாதுஷாவை வைத்துவிட்டு எழுந்துபோய், நானும் அக்காவும் படுக்கும் அறையின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துவைத்தார். சாரல் நேராக என் பாயில் அடித்தது. பாய் நனைந்த கோபத்தில் அன்றிரவு அவரோடு நான் பேசவில்லை.