ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் இரைந்த ஸ்பீக்கர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். பெரியநாயக்கன்பாளையத்தில் எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதுதான் பிழைப்பு. எந்த இரைச்சலுக்கும் ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நீங்கள் நம்பக்கூட வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.

அப்பா ஹாலில் கட்டிலில் கிடந்தார். இனி வீட்டுக்கே கூட்டிப்போங்கள் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். சொந்தக்காரர்கள் வந்து பால் ஊற்றிவிட்டுப் போனார்கள், கண்ணும் திறக்கவில்லை, உயிரும் பிரியவில்லை, பார்க்கவே முடியவில்லை. செத்துப்போன அம்மாவின் குரலை ஒரு தடவை கேட்டால் நிம்மதியாகப் போய்விடுவார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அறுபதாம் கல்யாண வீடியோவில் அம்மா பேசுவாள். அப்பாவுக்குக் காது மந்தம், டிவி சத்தம் எட்டாது, ஹோம் தியேட்டரில்தான் போட வேண்டும்.

அங்கேதான் என் கிறுக்குத்தனம் குறுக்கே வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் பை-ஆம்ப் செய்கிறேன் பேர்வழி என்று, ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மேல் பாதிக்கு ஒரு சேனல், கீழ்ப் பாதிக்கு ஒரு சேனல் என ஹோம் தியேட்டரின் ரிசீவர் பெட்டியிலிருந்து ஒயரைப் பிரித்து மாட்டியிருந்தேன். வீடியோவைப் போட்டால் மேளச் சத்தம் வருகிறது, அம்மா வாயசைக்கிறாள், குரல் வரவில்லை. கூடவே ங்ங்ங் என்று ஒரே இரைச்சல். கேபிள் டிவி ஒயரைக் கழற்றினேன், போகவில்லை. இரண்டு பாதியையும் இணைக்கிற தகட்டைக் கழற்ற மறந்தேனா என்று பார்த்தேன், கழற்றித்தான் இருந்தது. இடது வலது ஒயரை மாற்றினேன், இரைச்சல் இடது ஸ்பீக்கரை விட்டு நகரவே இல்லை. அந்தப் பக்கம் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது.

"ஏனுங்க, அந்த ஒயரையெல்லாம் வுட்டுப்போட்டு வந்து மாமா பக்கத்துல உக்காருங்க" என்று என் மனைவி சாந்தி அழுதாள்.

"கொஞ்சம் இரு அம்மணி, இதா ஆச்சு."

நானும் அழுதுகொண்டுதான் சொன்னேன். கடைசியில் ஆத்திரம் தாங்காமல் ரிசீவர் ப்ளக்கையே சுவரிலிருந்து பிடுங்கினேன்.

இரைச்சல் நிற்கவில்லை. நம்பினால் நம்புங்கள், ஸ்பீக்கர் ஒயரையும் உருவிப் போட்டேன், அப்போதும் நிற்கவில்லை. அப்புறம்தான் காதில் உறைத்தது, அது பேரிங் போன எங்கள் பழைய தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தம். அம்மா போன பிறகு நானே பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்ட மோட்டார்.

அந்த இரைச்சலுக்கு நடுவில் அம்மா குரல், சமையலறையிலிருந்து கத்துகிற மாதிரி: "ஏனுங்க, மோட்டார நிறுத்துங்க, தொட்டி நெறஞ்சு போச்சு!"

அப்பா கண்ணைத் திறந்தார். அத்தனை நாளும் அசையாத கையைத் தூக்கி, கட்டைவிரலால் காற்றில் மோட்டார் ஸ்டார்ட்டரின் சிவப்பு பட்டனை அமுக்கினார். இரைச்சல் நின்றது. அவர் மூச்சும் நின்றது.

சாந்தியும் அந்தக் குரலைக் கேட்டாள், சத்தியமாக. காரியமெல்லாம் முடிந்து அந்த வீடியோவை முழுக்கப் பார்த்தோம், அப்படி ஒரு பேச்சு அதில் இல்லவே இல்லை.

ஸ்பீக்கரை விற்க மனசு வரவில்லை, ஒயர் மாட்டத் தைரியமும் இல்லை, மூலையில் சும்மா நிற்கிறது. போன வாரத்திலிருந்து அதற்குள் அந்த மோட்டார் மெதுவாக ஓடுகிறது. சாந்தியிடம் இன்னும் சொல்லவில்லை. "ஏனுங்க" என்று அம்மா கூப்பிட இனி அப்பா இல்லை. என்னை அவள் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவாள்.