மேகமலையில் இருந்த பொருத்தம்

2007 நவம்பர், ஒரு சனிக்கிழமை. விடியலில் சுப்ஹு தொழுதுவிட்டுக் கம்பத்தில் பஸ் ஏறினேன். சின்னமனூர் சுமார் இருபது கிலோமீட்டர். அங்கிருந்து மேகமலைக்கு ஜீப். நாற்பது கிலோமீட்டருக்கு மேல். பாதி தூரத்தை ரோடு என்று சொல்வதற்கில்லை.

போகிற காரியம் இது. என் மகள் சபீனாவுக்கு எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது. வேறொருவர் மஜ்ஜையை ஏற்றினால்தான் பிழைப்பாள். ஆளாளுக்கு உடம்பில் ஒரு அடையாளம் உண்டாம். அது ஒத்துப்போனால்தான் உடம்பு ஏற்குமாம். அவள் தம்பிக்கு ஒத்துவரவில்லை.

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த வீடா? அப்ப அந்தப் பிள்ளைகளையும் பாத்துருவோம்" என்றார் டாக்டரம்மா.

என் தங்கையைக் கட்டியிருப்பது என் மனைவியின் அண்ணன். மாமனார் மனைப் பங்கில் வாய் தடித்து, ஆறு வருடமாக மச்சானும் நானும் பேசுவதில்லை. தங்கை அவருக்குத் தெரியாமல் பிள்ளைகளைத் தேனிக்குக் கூட்டிவந்து, சோதனைக்கு அவர்கள் ரத்தத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். இளையவள் ஹமீதாவுக்கு முழுதும் பொருந்திவிட்டது. இனி தகப்பன் சம்மதிக்க வேண்டும்.

எட்டரைக்கு ஜீப் புறப்பட்டது. "பாய், கம்பியப் பிடிச்சுக்கங்க. இந்த ரோடு கேட்டுக்கிட்டுக் குலுக்காது" என்றார் டிரைவர். ஒரு வளைவில் வண்டிக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெயிலில் மிதந்தது. தென்னைகள், வயல்கள், எத்தனையோ கூரைகள். அத்தனை கூரைக்கடியிலும் மனிதர்கள். ரப்பு ஒருவரைப் போல ஒருவரைப் படைக்கவில்லை. அதற்குமேல் மேகம் ஜீப்புக்குள்ளேயே வந்துவிட்டது. ஏலக்காய் வாசனை. விழித்திருக்கிறேனா, துஆ கேட்டபடியே உறங்கிவிட்டேனா, தெரியவில்லை.

பகல் ஒரு மணிக்கு எஸ்டேட் லைன் வீடுகள். முனையில் மச்சானின் பலசரக்குக் கடை. ஸலாம் சொன்னேன். பதில் சொல்லிவிட்டுச் சீனியை நிறுத்துக்கொண்டே கேட்டார்:

"வாங்க மச்சான். ஆறு வருசமா வழி மறந்துபோச்சாக்கும்?"

"ஹமீதா விசயமா..."

"எனக்குத் தெரியாமத் தேனிக்குப் போயிட்டாளாக்கும் உங்க தங்கச்சி! அன்னிக்கு ஜீப்புக்குச் சொல்லிவிட்டதே நான்தான். கோவம் உங்க மேல. சபீனா என் தங்கச்சி மகய்யா!"

தங்கை உள்ளிருந்து ஓடிவந்தாள். "இத்தன நாளா ஒண்ணும் தெரியாத மாதிரி நடிச்சிருக்காக, பாருங்கண்ணே!" சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பின்னாலேயே ஹமீதா. "மாமா, என்னோடத எடுத்துட்டா எனக்கு?"

"திரும்ப ஊறிரும் ஆத்தா. அல்லாஹ் அப்படித்தான் படைச்சிருக்கான்."

"ஊறிரும்ல? அப்ப இதக் கேக்கவா இம்புட்டு யோசனை பண்ணுனீக, ரெண்டு பேரும்?"

மச்சான் தராசைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு இறங்கினோம். மச்சான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் ஹமீதா. ஆறு வருடப் பேச்சு மிச்சம் இருந்தது. ஆனாலும் சின்னமனூர் வரை நாங்கள் வாய் திறக்கவில்லை. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்.