கோப்பையை யார் கழுவுவது

நாங்கள் மூன்று பெண்கள். அக்காவும் நானும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, கலியாணம் கட்டி லண்டனுக்கு வந்தவர்கள். தங்கச்சியைச் சின்ன வயதிலேயே சித்தப்பா ஜெர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு வயிற்றில் பிறந்தும் அவளுக்கு வேறு பழக்கம். மனதில் வருவதை அப்படியே மேசையில் வைத்துவிடுவாள். "இவளின்ர வாய்க்குப் பிரேக் இல்லை" என்பார் அம்மா.

போன வருடம் அவள் லீவில் வந்திருந்தபோது, ஒரு ஞாயிறு மத்தியானம், லண்டனில் மிச்சம் என்ற இடத்திலுள்ள அக்கா வீட்டில் சாப்பாடு. அம்மாவும் அங்கேதான் இருக்கிறார். அக்காவின் கணவர், எங்கள் அத்தான், சாப்பிட்டு முடித்துக் கையைச் சோற்றுக் கோப்பைக்குள்ளேயே, சாப்பிட்ட அதே தட்டிலேயே, கழுவினார். எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் செய்வதுதான்.

"அத்தான், அக்கா ஓடியோடிப் பரிமாறுறா. உங்கட கோப்பையை நீங்களே கழுவி வைக்கலாம்தானே?" என்றாள் தங்கச்சி. கோபமே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது மாதிரிக் கேட்டாள்.

அத்தான் சிரித்தார். "ஓ, ஜெர்மன் சட்டம் வந்திட்டுது. கழுவுறன், கழுவுறன்."

கோப்பையோடு, அக்கா அடுப்படியில் நின்ற குசினிக்குள் போனார். கோப்பை உடைந்தது. பிறகு இன்னொரு சத்தம். அது அம்மாவுக்கும் எனக்கும் தெரிந்த சத்தம். இருவரும் குனிந்து சோற்றைப் பார்த்தோம். தங்கச்சிக்குத் தெரியாது. எழுந்து ஓடினாள்.

நான் பின்னால் போனபோது, அவர் அக்காவின் தலைமயிரைப் பிடித்து முகத்தை அலுமாரிக் கதவில் மோதிக்கொண்டிருந்தார். "நீ சொல்லிக் குடுத்துத்தானே அவள் கேட்டவள்?" அக்காவின் வாயிலிருந்து இரத்தம் வடிந்தது, சத்தம் வரவில்லை. தங்கச்சி அலுமாரித் தட்டிலிருந்த, இடியப்பம் பிழியும் உரலைத் தூக்கி அவர் காதுக்கு மேல் அடித்தாள். நல்ல கனத்த மர உரல். அவர் குந்தினார். தோளில் இன்னொன்று போட்டாள். நான் பிடித்திராவிட்டால் மூன்றாவதும் விழுந்திருக்கும்.

பிறகு போனை எடுத்து, அம்புலன்சையும் பொலிசையும் அவளே கூப்பிட்டாள்.

"போனை வையடி. இது வீட்டு விஷயம்," என்றார் அம்மா.

"ஆளுக்கு மண்டை உடைஞ்சிருக்கு, அம்மா. நான்தானே உடைச்சனான். சொல்லத்தானே வேணும்."

அத்தான் துவாயால் தலையை அழுத்திக்கொண்டு, "நான் விழுந்தனான். எல்லாரும் அப்பிடியே சொல்லுங்கோ," என்றார். அம்மா தலையாட்டினார். அக்காவும்.

அம்புலன்சுக்கு முதலே பொலிஸ்காரி ஒருத்தி இரண்டு பொலிஸ்காரரோடு வந்ததும், அம்மா அவர் விழுந்ததாகத் தரையைக் காட்டி, "ஃபோல், ஃபோல்" என்றார். தங்கச்சி, "இல்லை, நான்தான் அடித்தேன், அவர் அக்காவை அடித்ததால்," என்று தெளிவாக இங்கிலிஷில் சொன்னாள். பொலிஸ்காரி அக்காவின் வாயைப் பார்த்தாள். தானும் விழுந்ததாகச் சொன்னாள் அக்கா. ஒரே குசினியில் இரண்டு பேர் விழுந்த கதையை எந்தப் பொலிஸ் நம்பும்? ஆனாலும் அடித்தேன் என்று ஒத்துக்கொண்டவள் ஒருத்திதான். தங்கச்சிக்கு விலங்கு போட்டார்கள். வளையலுக்கு அளவு கொடுப்பவள் போலக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பொறுங்கோ," என்றாள் அக்கா.

அவளுடைய இங்கிலிஷ் கடைக்குப் போதும், இதற்குப் போதாது. என்னிடம் திரும்பினாள். "அவவுக்குச் சொல்லு. இவர் எனக்கு அடிக்கிறவர். கலியாணம் கட்டின நாளிலையிருந்து. கையாலை மட்டுமில்லை."

அம்மா என் முழங்கையை நகம் பதியப் பிடித்தார். "சொல்லாதை. அவளுக்கு விசர் பிடிச்சிட்டுது."

"சொல்லு. ஒண்டும் விடாமல் சொல்லு."

சொன்னேன். பாதியில் அத்தான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தள்ளிக்கொண்டு என் கழுத்துக்குப் பாய்ந்தார். இரண்டு பொலிஸ்காரர் அவரைக் குப்புறப் போட்டு, முதுகில் முழங்காலை ஊன்றி விலங்கு மாட்டினார்கள். உடைந்த கோப்பைத் துண்டொன்று அவர் கன்னத்தைக் கிழித்தது.

தங்கச்சியையும் விடவில்லை, சட்டம் அப்படி. அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். "வா. நான் ஸ்டேஷனிலை போய்ச் சொன்னால்தான் அவளை விடுவினம்," என்று எனக்கு முன்னால் நடந்தாள்.

அம்மா வாசலில் நின்று என்னைத்தான் திட்டினார். சொன்னவள் அக்கா என்றாலும், வெள்ளைக்காரிக்கு விளங்கச் சொன்னவள் நான் அல்லவா.