திருவிடந்தைக்குத் திரும்பிய மாலை

திருவிடந்தைக் கோயிலில் கல்யாணத்துக்காக வேண்டிக்கொள்பவர்கள், பெருமாளுக்குச் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டு ஒன்பது சுற்று வந்து, அதை வீட்டில் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கல்யாணம் முடிந்ததும் ஜோடியாக வந்து, அந்தக் காய்ந்த மாலையைக் கோயிலில் சேர்க்க வேண்டும். என் மைத்துனன் பாலுவின் மாலை எங்கள் செம்பாக்கம் வீட்டுப் பூஜை அலமாரியில் ஒன்றரை வருடமாகக் கிடந்தது. அவன் அதைப் போட்டுக்கொண்ட அன்றைக்கே, பக்கத்தில்தானே கடல், கால் நனைத்துவிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டவன் நான். மாலையைக் கழற்றி என் பையில் வைத்துவிட்டு இறங்கியவனை அலை கொண்டுபோய்விட்டது. என் மனைவி சுமதி அதைப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுச் சண்டை போட்டிருந்தால் தேவலை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, “மாலைய கொண்டுபோய் சேர்த்துடலாம்” என்றாள்.

காலை ஏழு மணிக்கு பைக்கில் கிளம்பினோம். சுற்று வழிதான், ஆனாலும் அங்கேயும் பெருமாளைச் சேவித்துவிட்டுப் போகலாம் என்று சுமதி சொன்னதால் முதலில் திருநீர்மலை. வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர். வண்டி நிறுத்தப் பத்து ரூபாய். வெயில் ஏறுமுன் படியேறிவிடுங்கள். மேலிருந்து விமானங்கள் இறங்குவது நன்றாகத் தெரியும். வேறு நாளாக இருந்தால் நிறையப் படம் எடுத்திருப்பேன்.

வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் வந்து, இரண்டு பொங்கல், இரண்டு காபி, நூற்று எழுபது ரூபாய். சுமதி பாதிப் பொங்கலை அப்படியே வைத்துவிட்டாள். திருநீர்மலையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, பத்தேகாலுக்குத் திருவிடந்தை சேர்ந்தோம்.

கோயில் வாசலில் பையிலிருந்து மாலையை எடுத்ததுமே பூக்காரம்மா சிரித்த முகமாக எழுந்து வந்தார். “இன்னாக்கா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சிதா? புது மாலை வாங்கிக்கினு போங்க, நூத்தம்பது ரூபாதான்.”

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஆனால் காய்ந்த மாலையோடு வரும் ஆணையும் பெண்ணையும் அந்த ஊரில் வேறு எப்படி நினைப்பார்கள்?

“இது என் தம்பியோடது. அவன் இப்ப இல்லைங்க” என்றாள் சுமதி. அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “தப்பா நெனச்சிக்காதக்கா” என்றார்.

உள்ளே மரத்தடியில் ஒரு புதுஜோடி தங்கள் மாலையை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. சுமதி மாலையை வைக்கக் குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள். “இவங்க வைக்கிற எடத்துல இத எப்படிங்க வைக்கிறது? கடலுக்கே போகலாம்” என்றாள். வண்டிச் சாவியைத் துவாரத்தில் போட இரண்டு முறை ஆயிற்று.

ஒரு கிலோமீட்டர் தூரத்தில் கடல். படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்த மீனவர் மாலையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இங்க போட்டா அலை திரும்பக் கரையிலயே தள்ளிடும் சார். குடுங்க, நான் உள்ள போய் வுட்டுர்றேன்.”

சுமதி மாலையை நீட்டப் போனவள், நின்று என்னைப் பார்த்தாள். “நீங்களும் ஒரு பக்கம் பிடிங்க” என்றாள். பிடித்தேன். “நீங்க கூப்பிடலேன்னாலும் அன்னிக்கு அவன் போயிருப்பாங்க. கடலப் பார்த்துட்டா அவன் நிக்க மாட்டான்.” நான் அந்த மீனவர் பார்க்க அழுதேன். மாலையை அவரிடம் கொடுத்துவிட்டு, படகு புள்ளியாகும்வரை இருவரும் அங்கேயே நின்றோம்.

போக விரும்புபவர்களுக்கு: பெட்ரோல் முந்நூறு ரூபாய் போதும். மதியம் நடை சாத்துவதற்குள் தரிசனத்தை முடித்துவிடுங்கள். கடலைக் கரையிலிருந்தே பாருங்கள். கூட வந்தவர் தண்ணீரில் இறங்கலாமா என்று கேட்டால், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, வேண்டாம் என்று சொல்லுங்கள்.