அளந்து பார்த்தேன் என்று சொன்னேன்

துறைமுகத்துக்குப் போகும் தெருவில் எங்களுக்கு ஒரு இரும்புக்கடை இருக்கிறது. ஆணி, பூட்டு, பிணைச்சல், பெயின்ற் எல்லாம் விற்கிறோம். மரவேலைச் சாமான்களுக்குத் தனி அலுமாரி. கடற்காற்று உளியை ஒரு கிழமையில் தின்றுவிடும் என்பதால் வெள்ளிக்கிழமைதோறும் நான்தான் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெய் பூசி வைப்பேன். என் கணவர் கொழும்புக்குச் சாமான் எடுக்கப் போனால் கடை முழுக்க என் பொறுப்பு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், பொறுமை கொஞ்சம் கட்டை. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்பதால் வாடிக்கையாளர்கள் இரண்டையும் பொறுத்துக்கொண்டார்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு ஓடாவியார் வருவார். தச்சு வேலை செய்பவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். அவர் உளி வாங்குவதைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் எனக்குத் தலை வெடிக்கும். சட்டைப் பையில் உள்ளங்கை அளவு மரக்கட்டை ஒன்று கொண்டுவருவார். அவருடைய பழைய உளிகளால் வெட்டிய துளைகள் அதில் வரிசையாக இருக்கும். கால் இஞ்சி, மூன்று நூல், அரை இஞ்சி என்று போகும். புதிய உளியை அந்தந்தத் துளையில் இறக்கிப் பார்ப்பார். ஆடினாலும் வேண்டாம், இறுகினாலும் வேண்டாம். ஒரே இலக்கம் அடித்த ஏழெட்டு உளிகளில் ஒன்றுதான் அவருக்குச் சரிவரும்.

"நானா, பொம்பிளை பாக்க வாறவையே இவ்வளவு பாக்கமாட்டினம்," என்பேன்.

"பொம்பிளையெண்டா கொஞ்சம் விட்டுக்குடுப்பா தங்கச்சி. உளி விட்டுக்குடுக்காது."

விளக்கமும் சொல்வார். கதவுச் சட்டத்தில் வெட்டும் துளையின் அகலம் உளியின் அகலம்தான். அந்தத் துளைக்குள் போய் இறுகுகிற முனைக்குக் கழுந்து என்று பெயர். அதே உளியை வைத்துத்தான் கழுந்தின் தடிப்பையும் குறிப்பாராம். உளியில் அடித்திருக்கிற இலக்கத்தை அவர் ஒருநாளும் நம்பியதில்லை. நான் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டு அடுத்த ஆளைக் கவனிப்பேன்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவர் வெறுங்கையோடு வந்தார். சட்டை மாற்றியதில் கட்டை வீட்டில் தங்கிவிட்டது. முகம் மட்டும் வழமையைவிட வெளிச்சமாக இருந்தது. மகளுக்குக் கலியாணம் சரிவந்திருந்தது. அவர்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பது வழக்கம். வீடு முடிந்து வாசற்கதவு மட்டும் மிச்சம். அந்தக் கதவுக்கென்றே தன் வாப்பாவின் பழைய வீட்டு முதிரை மரத்தைப் பல வருடமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாராம். கழுந்துகள் எல்லாம் வெட்டியாகிவிட்டன. துளை வெட்டத் தொடங்கியதும் அரை இஞ்சி உளி ஒரு கணுவில் பட்டு முறிந்துவிட்டது.

"அதே அளவு வேணும் தங்கச்சி. கழுந்து வெட்டி முடிஞ்சிது. மயிரிழை கூடினாலும் கதவு ஆடிப்போகும்."

உளிகளில் ஒன்றைத் தெரிந்தெடுத்து அளவு நாடாவை வைத்துப் பார்த்தார். மனம் ஆறவில்லை.

"உங்கட்ட வேணியர் ஒண்டு இரிக்கிதானே? அதால ஒருக்கா அளந்து சொல்லுங்களேன். இல்லாட்டி நாளைக்குக் கட்டையோட வாறன்."

இருந்தது. மயிரிழைத் தடிப்பையும் பிடித்துக் காட்டும் அந்தக் கருவி பின்னறை மேசை லாச்சிக்குள் கிடந்தது. ஆனால் காலையிலிருந்து நான் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. வாசலில் சீமெந்து லொறி வந்து நின்று ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. பிரித்துப்போட்ட மட்டைப் பெட்டிகளை, எங்கள் ஊர்த் தெருவில் மாடுபோலத் திரியும் மான்கள் இரண்டு சப்பிக்கொண்டிருந்தன, அவற்றைத் துரத்தவும் ஆள் இல்லை. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். அது ஒரு சாட்டு, வேறொன்றும் இல்லை. உளியை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். லாச்சி இறுகியிருந்தது. ஒருமுறை இழுத்தேன், வரவில்லை. பத்து எண்ணும் நேரம் சும்மா நின்றேன். பிறகு முன்னுக்கு வந்தேன்.

"அளந்தனான் நானா. அச்சொட்டா அரை இஞ்சி."

அவர் உளியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "நீங்க அளந்தாச் சரி," என்று கடதாசியில் சுற்றி வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் லொறிக்காரரோடு சண்டை பிடிக்கப் போனேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். ஒரு கையில் உளி, மறுகையில் அந்தக் கட்டை. கட்டையை மேசைமேல் வைத்து, அரை இஞ்சித் துளையில் உளியை இறக்கினார். உளி துளையின் வாயிலேயே இடறி நின்றது. கலியாண நாள் நெருங்கிய அவதியில் ஒரே நாளில் எல்லாத் துளைகளையும் வெட்டியிருக்கிறார். பின்னேரம் கழுந்துகளை இறக்கிப் பார்த்தால் அத்தனையும் பால்பல்லுப்போல ஆடியிருக்கின்றன.

"இடுக்கில மரச்சிம்பு வைச்சு பசை பூசி இறுக்கலாம். ஆருக்கும் தெரியாது. ஆனா மகள்ட வாசக்கதவு. எனக்கு மனம் ஒப்பல்ல," என்றார். ஆயத்தமாக விற்கிற கதவு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டாராம்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பிழை என்னிலதான் தங்கச்சி. கட்டையில போட்டுப் பாக்காம நான் ஒரு உளியையும் தொட்டதில்ல. அண்டைக்கு மட்டும் விட்டுட்டன். உங்கட வேணியரிலயும் ஏதோ பிழை இரிக்கும், ஒருக்காப் பாருங்க. மத்த ஆக்களும் ஏமாறக்கூடாது."

"ஓம் நானா, பழைய சாமான்தானே. பாக்கிறன்," என்றேன்.

இதைச் சொன்ன வாயை அறைய வேண்டும். அளக்காமல் விட்டதை எப்படியாவது மன்னிக்கலாம், பசி, அவதி என்று. இதற்கு ஒரு சாட்டும் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, அமைதியாக இருந்த கடையில், அவரைத் தன்னைத்தானே குற்றம் சொல்ல விட்டேன். அவர் போனதும் லாச்சியை இரண்டு கையாலும் இழுத்தேன். வந்தது. வேணியரை எடுத்து அலுமாரியில் மிச்சமிருந்த அரை இஞ்சி உளிகளை அளந்தேன். ஒவ்வொன்றும் கூடக்குறைய இருந்தது. வேணியரில் ஒரு பிழையும் இல்லை.

கலியாணத்துக்குச் சொல்லியிருந்தார்கள். நாரி நோகிறது, நிமிர முடியவில்லை என்று சொல்லி நான் போகவில்லை. கணவர் போய் வந்து சாப்பாட்டைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

"வாசக்கதவு எப்படி இருந்தது?" என்று கேட்டேன்.

"கதவோ? கதவு கதவு மாதிரித்தான் இருந்தது. உமக்கென்ன விசரே?"

இரண்டு மாதம் கழித்து ஓடாவியார் ஒரு பொதியோடு வந்தார். பிரித்தால், முழங்கை நீளத்தில் இழைத்து மெருகேற்றிய ஒரு கட்டை. அரைக்கால் இஞ்சியிலிருந்து ஒன்றரை இஞ்சிவரை துளைகள், ஒவ்வொன்றின் கீழும் அளவு செதுக்கியிருந்தது.

"உங்கட வேணியர நம்பேலாதுதானே. இதக் கடையில வைங்க. உளி வாங்க வாறவங்க போட்டுப் பாத்து எடுக்கட்டும்."

மஞ்சள் ஓடிய மரம். தெரிந்துகொண்டே கேட்டேன். "என்ன மரம் நானா?"

"கதவு மரம்தான். கிடந்திச்சு."

அந்தக் கட்டை இப்போது எங்கள் மேசையில் கயிறு கட்டிக் கிடக்கிறது. தோப்பூர், புல்மோட்டை என்று எங்கிருந்தெல்லாமோ வருகிற தச்சர்கள் உளியை இறக்கிப் பார்த்து வாங்குகிறார்கள். போன கிழமை மூதூரிலிருந்து வந்த ஒருவர், "அக்கா, உளிய அளந்து விக்கிற கடையெண்டா டவுனுக்குள்ள உங்கட மட்டுந்தான்," என்றார். நான் தலையை ஆட்டிக்கொண்டு உளியைக் கடதாசியில் சுற்றினேன்.

ஓடாவியாரும் வருகிறார். தன் சின்னக் கட்டையை இப்போது கொண்டுவருவதில்லை, கடையில் இருக்கிறதே என்கிறார். அவர் படியேறும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நினைப்பேன். நேற்றும் நினைத்தேன். அவர் மூன்று நூல் உளி ஒன்றை இறக்கிப் பார்த்து, திருப்தியாகி, போகிற போக்கில் கேட்டார்.

"புது வேணியர் வாங்கிட்டீங்களா தங்கச்சி?"

"இன்னும் இல்ல நானா," என்றேன்.