பட்டை அடித்த படம்

இன்று தொழிற்சாலை மதில் ஓடும் இடத்தில் அன்று மாதா கோயிலின் பின்சுவர் இருந்தது. அதன்மேல் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்த பெரிய படத்தில் மனிதர் இல்லை, மரம் இல்லை. காவியும் வெள்ளையுமாக நெடுக்குப் பட்டைகள் மட்டுமே இருந்தன. அறுபதுகளின் இறுதியில், பாகலூருக்கு அருகே எங்கள் ஊரில், மெக்சிகோ அம்மையார் வரைந்தது அது. பங்குத்தந்தையின் தங்கை அவர். நான் கோயில் தச்சன். அவருடைய படங்களுக்குச் சட்டம் அடித்துக் கொடுத்தேன்.

அவருடைய நாட்டில் அக்காலத்தில் பெரிய சுவர்களில் உழவரையும் போர்வீரரையும் வரைந்தவர்களுக்கே மதிப்பிருந்ததாம். வண்ணம் எதையும் குறிக்க வேண்டியதில்லை, வண்ணமாக இருந்தால் போதும் என்று வாதாடிய இவருக்குச் சுவரும் கிடைக்கவில்லை, ஆசிரியர் வேலையும் நிலைக்கவில்லை. தலை நரைத்த பிறகே சொந்த நகரத்தில் தனிக் கண்காட்சி வைக்க அழைப்பு வந்தது. வாயிலுக்கு எதிர்ச்சுவரை இந்தப் படத்துக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். இரண்டொரு நாளில் பெட்டி லாரியேற வேண்டும். தவறினால் கப்பலும் தவறும்.

அந்த நேரத்தில்தான் கோயிலுக்கு அடுத்த வீட்டு அக்கா படத்தின்மேல் மஞ்சள் நீர் தெளித்து, குங்குமமும் வைத்துவிட்டார்.

"இது சாமி இல்லம்மா, படம்!" என்று பங்குத்தந்தை பதறினார்.

"காவிப் பட்டை அடிச்சு நிக்க வெச்சா சாமி இல்லாம வேற என்னா ஃபாதரு? பொண்ணுக்கு அம்மை போட்டிருக்குது. உங்க சாமியா எங்க சாமியான்னு கேட்டுக்கினு நிப்பனா?"

பங்குத்தந்தை அதைத் தம் மொழியில் தங்கைக்குச் சொன்னார். காயாத வெள்ளையில் மஞ்சள் ஊறியிருந்தது. துடைத்துவிடலாம் என்று நான் துணியை எடுத்தேன். அம்மையார் என் கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியதா என்று மட்டும் கேட்கச் சொன்னார். இல்லை என்று தெரிந்ததும், படம் இங்கேயே நிற்கட்டும் என்றார். படத்துக்குப் பொருள் வேண்டியதில்லை என்று தம் ஊரோடு வாழ்நாளெல்லாம் சண்டையிட்டவர், அந்த அக்காவோடு ஒரு சொல்லும் வாதாடவில்லை.

மற்றப் படங்களை அடுக்கிப் பெட்டியை ஆணியடித்து அனுப்பினேன். எதிர்ச்சுவர் வெறுமையாக இருந்தபடியே கண்காட்சி நடந்ததாம். அதன்பின் அந்நகரம் அவரை அழைக்கவில்லை.

அம்மை இறங்கி, குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று அக்கா வேப்பிலையோடு வந்தார்.

"இனி எடுத்துக்கினு போங்கம்மா. அது வந்த வேல முடிஞ்சிருச்சு."

பங்குத்தந்தை மொழிபெயர்த்தார். முடிந்த படத்தில் மட்டுமே கையெழுத்திடுவது அம்மையாரின் வழக்கம். தூரிகையைக் கொண்டுவரச் சொல்லி, மஞ்சள் படிந்த ஓரத்தில் தம் பெயரை எழுதினார்.